விடை தருபவர்: தமிழ் வழியனுப்பு மரபின் அமைப்பு குறித்து

பிரியும்போது மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் சொற்களைத் தொகுப்பதோடு நின்றுவிடுகிறார்கள். தமிழுக்கு வரும்போது ‘போயிட்டு வரேன்’ என்பதில் திரும்பி வருதலும் சேர்ந்திருப்பதைச் சொல்லி மகிழ்வார்கள். அந்த மகிழ்ச்சியில் குறையில்லை. ஆனால் விடைபெறுவது கிளம்புகிறவர் தனியாகச் செய்யும் செயல் என்ற எண்ணம் அதனுள் கேள்வியின்றி உட்கார்ந்திருக்கிறது. நம் வீட்டு வாசல்களைக் கவனித்தால் இது பொருந்தவில்லை. ‘வரேன்’ என்று சொன்னவர் செருப்பை மாட்டிக்கொண்டும் நகராமல் நிற்கிறார். ‘சரி, பார்த்துப் போயிட்டு வாங்க’ என்ற பதில் வந்த பிறகே படியிறங்குகிறார். விடை என்பது இருப்பவர் தருவது. பிரிவை முறையான பிரிவாக்கும் வேலையில் பெரும்பங்கு அவருடையது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்தப் பங்கீட்டைச் சொல்லிலேயே பிரித்துக் காட்டும் மொழிகள் உண்டு. இந்தோனேசிய மொழியில் கிளம்புகிறவர் ‘செலாமத் திங்கால்’ என்பார். இருப்பவர் ‘செலாமத் ஜாலான்’ என்பார். கொரிய மொழியிலும் போகிறவருக்குச் சொல்வது ஒன்று, இருப்பவருக்குச் சொல்வது வேறொன்று. இருவருமே தெருவில் நின்று பிரிந்து போனால் இருவரும் போகிறவருக்கான வாய்பாட்டையே சொல்வார்கள். போகிறவர், இருப்பவர் என்ற வேறுபாடு அங்கே வாய்பாட்டிலேயே பதிந்திருக்கிறது. தமிழில் அது செயல்களின் வரிசையில் பதிந்திருக்கிறது.

சமூகவியலில் இந்த வரிசையை முதலில் கூர்ந்து பார்த்தவர்கள் இமானுவல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் இருவரும். ‘செமியோட்டிகா’ இதழில் 1973இல் வெளிவந்த அவர்களது கட்டுரை, ஓர் உரையாடல் தானாக முடிவதில்லை, பேசுகிறவர்கள் சேர்ந்துதான் அதை முடிக்க வேண்டியிருக்கிறது என்று காட்டியது. இறுதிச் சொல்லுக்கு முன்னால் ‘சரி’ போன்ற ஒரு சிறு முன்னறிவிப்பு வருகிறது. சொல்ல விட்டுப்போனது ஏதேனும் இருந்தால் மற்றவர் அதை எடுப்பதற்கு அது இடம் தருகிறது. எர்விங் காஃப்மன் 1971இல் வெளியிட்ட நூலில் வணக்கத்தையும் விடைபெறலையும் ஒரே சடங்கு வகையில் சேர்த்தார். ஒருவரையொருவர் அணுகும் வாய்ப்பு கூடுவதை ஒன்றும், குறைவதை மற்றொன்றும் குறிக்கின்றன என்பது அவர் கருத்து. இரண்டும் மதிக்கத்தக்க ஆய்வுகளே. ஆனால் தொலைபேசிப் பேச்சை முதன்மைச் சான்றாகக் கொண்டதால் ஷெக்லாஃப், சாக்ஸ் அமைப்பில் இரு தரப்பும் சமமாகிவிடுகின்றன. தொலைபேசியில் யாரும் எழுந்து போவதில்லை. யாரும் வாசலில் நிற்பதுமில்லை. நேரில் நிகழும் பிரிவில் ஒருவர் எழுகிறார், மற்றவர் ‘என்ன அவசரம், உட்காருங்க’ என்கிறார். இந்தச் சமமின்மைக்கு அந்த அமைப்பில் இடம் போதவில்லை.

தமிழில் இதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. முடத்தாமக்கண்ணியார் கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படை 248 அடிகள் கொண்டது. அதில் பரிசு பெற்று வரும் பொருநன், அரண்மனையில் இரவும் பகலும் ஊன் தின்று பல் மழுங்கிப் போன கதையைச் சொல்கிறான். ஒருநாள், ‘எங்கள் பழைய ஊருக்குப் போகிறோம்’ என்று அரசனிடம் மெல்லத் தெரிவிக்கிறான். மெல்லச் சொன்னதாகப் புலவர் குறிப்பது கவனிக்கத்தக்கது. அரசன் சினந்தவன் போலப் பார்த்து, ‘இவ்வளவு விரைவாகவா எங்கள் கூட்டத்தை விட்டுப் போகிறீர்கள்?’ என்கிறான். உண்மையில் அவன் சினக்கவில்லை, சினந்தவன் போல நடந்துகொண்டான். பிறகுதான் கன்றோடும் பிடியோடும் களிறுகளைத் தருகிறான்.

அதே பாட்டின் பிற்பகுதியில், வழியில் எதிர்ப்பட்ட இன்னொரு பொருநனுக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று இவன் சொல்கிறான். பால் போன்ற வெள்ளைக் குதிரைகள் நான்கைத் தேரில் பூட்டி, பின்னால் ஏழடி நடந்து வந்து, குதிரை ஓட்டும் கோலின் முள்ளை நீக்கிவிட்டு, ‘ஏறு’ என்று அரசன் ஏற்றி விடுவானாம். அப்படிப்பட்டவனும் ‘போ’ என்று எளிதில் சொல்லி அனுப்பிவிட மாட்டான் என்கிறது பாட்டு. வேண்டுதல், பொய்ச்சினம், கொடை, உடன் நடத்தல், ஏற்றிவிடுதல் ஆகியவற்றில் முதலாவது மட்டுமே போகிறவன் செயல், மற்றவை நான்கும் இருப்பவன் செயல்கள். முள்ளைக் கழற்றும் அந்தக் கை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பெரும் பரிசில்கள் அரசனின் வளத்தைக் காட்டும். முள்ளைக் கழற்றியது போகிறவனின் வழி மீதுள்ள அக்கறையைக் காட்டுகிறது. இன்று பேருந்து நிலையத்தில் சன்னலோரம் நின்று தண்ணீர் பாட்டில் வாங்கி நீட்டும் கையும் இதே வேலையைத்தான் செய்கிறது.

தாமதம் இந்த வரிசையில் ஏன் இத்தனை இடம் பிடிக்கிறது? தொல்காப்பியக் கற்பியல் இதற்கு விடை சொல்கிறது. தலைவன் கிளம்ப எண்ணிப் பின் தயங்கி நிற்பதைச் செலவழுங்குதல் என்பார்கள். அந்தத் தயக்கத்தைப் போகாமல் விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, வற்புறுத்தி ஆற்றுவிக்கும் பொருட்டு ஏற்பட்ட தவிர்ச்சி அது என்று ஒரு நூற்பா விதி வகுக்கிறது. வாசலில் அரைமணி நேரம் நின்று பேசுவதை நேர விரயம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இந்த நூற்பாவைப் படிக்க வேண்டும். உட்கார்ந்து பேசியபோது சொல்லாதது வாசலில்தான் வருகிறது: கேட்கத் தயங்கிய கடன், மகளின் வரன், மருத்துவர் சொன்ன செய்தி. போவது உறுதியான பிறகு கிடைக்கும் அந்தச் சிறு அவகாசத்தில்தான் சிலவற்றைப் பேச முடிகிறது.

இருப்பவர் விடை தர மறுக்கவும் கூடும். திருக்குறளின் பிரிவாற்றாமை அதிகாரம் அதிலேதான் தொடங்குகிறது. போகாமல் இருப்பதானால் என்னிடம் சொல், விரைந்து வருவதைப் பற்றியானால் அதுவரை உயிரோடு இருக்கப்போகிறவர்களிடம் சொல் என்கிறாள் தலைவி. ‘சீக்கிரம் வந்துடுவேன்’ என்ற சொல்லைப் போகிறவன் எத்தனை முறை சொன்னாலும், இருப்பவள் ஏற்காதவரை அது விடையாவதில்லை.

விடைபெறாமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டுப் பொழுது விடியுமுன் இருளில் கிளம்புகிறார்கள், பெற்றோரிடம் சொல்லவில்லை. மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் என்ற அந்தணன் மாதவியின் ஓலையைக் கொண்டு வருகிறான். பெற்றோருக்குச் செய்யும் பணியை விட்டு, நற்குடிப் பிறந்தவளோடு இரவில் போகும்படி நான் செய்த பிழை என்ன என்று அவள் கேட்டிருக்கிறாள். படித்த கோவலன் பிழை தன்னுடையது என்று உணர்கிறான். பிறகு அவன் செய்வதுதான் வியப்பானது. மாதவி எழுதிய அதே ஓலை தன் பெற்றோருக்குத் தான் சொல்ல வேண்டியதற்கும் பொருந்துகிறது என்று அதையே அவர்களிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்புகிறான். கேட்காமல் விட்ட விடையை, வேறொருத்தியின் சொற்களைக் கடன் வாங்கியாவது அவன் கேட்டாக வேண்டியிருந்தது. விடைபெறலை வெறும் மரியாதை என்று கருதுகிறவர்களால் இந்தக் காட்சியை விளக்க முடியாது. தீர்க்கப்படாவிட்டால் தொடர்ந்து வரும் கடனாகவே இளங்கோ அதைக் காண்கிறார்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லையே, அங்கே விடையின்றியே பிரிவு நிகழ்கிறதே என்று கேட்கலாம். ‘வரேன்’ என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும் என்பது வழக்கமான விளக்கம். அது பொய்யில்லை, ஆனால் போதாது. துக்க வீட்டார் ‘இருந்துவிட்டுப் போங்க’ என்று தடுக்கும் நிலையில் இல்லை. வாசல்வரை வரும் நிலையிலும் இல்லை. இருப்பவர் தன் பங்கைச் செய்ய முடியாத இடத்தில் போகிறவரும் தன் பங்கை விட்டுவிடுகிறார். மறுப்பாகத் தோன்றுவது வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. அதே வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் இறந்தவரிடம் திரும்பத் திரும்ப முறையிடுவதும் ‘ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டியே’ என்பதுதான். சாவைக் காட்டிலும் சொல்லாமல் போனதே அங்கே குற்றச்சாட்டாகிறது.

இந்த மரபின் இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. விடை தருபவர் ஒருவர் உண்டென்றால், தராமல் இருக்கும் அதிகாரமும் அவரிடம் உண்டு. பொருநன் மெல்லச் சொன்னது அன்பினால் மட்டுமில்லை. அவன் அரசனை அண்டிப் பிழைப்பவன். வீட்டு மகன் படியிறங்கிக்கொண்டே ‘வரேம்மா’ என்று குரல் கொடுத்துப் போய்விடுகிறான். அதே வீட்டு மருமகள் பிறந்த வீட்டுக்குப் போக, ‘போயிட்டு வரட்டுமா அத்தை?’ என்று சமையலறை வாசலில் நின்று கேட்கிறாள். ‘சாயந்திரத்துக்குள்ள வந்துடு’ என்பதுதான் விடையாக வருகிறது. சொற்கள் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று அறிவிப்பு, மற்றது விண்ணப்பம். சொற்பட்டியல் இந்த வேறுபாட்டைக் காட்டாது. பண்பாட்டுப் பெருமை பேசுகிற கட்டுரைகளும் இதைக் காண விரும்புவதில்லை.

தொலைபேசிக்கு வந்த பிறகும் தமிழர் இந்த வரிசையைக் கைவிடவில்லை. போகிறவர் இல்லாத இடத்தில் ‘வைக்கட்டுமா?’ என்று கேட்டு ஒரு போகிறவரை உண்டாக்கிக்கொண்டோம். ‘ம், வச்சிடு’ என்று சொல்லிவிட்டு, ‘ஆங், ஒரு விஷயம் மறந்துட்டேன்’ என்று தொடர்வது செலவழுங்குதலின் இன்றைய வடிவம். கேட்கிறவர் யார், விடை தருகிறவர் யார் என்பதில் வயதும் உறவும் இங்கும் தெரிகின்றன. பிள்ளை ‘வைக்கட்டுமா?’ என்று கேட்பார். அப்பா ‘வைக்கிறேன்’ என்று சொல்லி வைத்துவிடுவார்.

எனவே இத்துறையில் களப்பணி செய்வோர் பதிவுக் கருவியை எப்போது முடுக்கி எப்போது நிறுத்துகிறார்கள் என்பது அற்பமான கேள்வியாகாது. ‘சரி, அப்போ’ என்று விருந்தினர் நாற்காலியின் நுனிக்கு வருவதற்கு முன்பே பதிவு தொடங்க வேண்டும். தெருமுனையில் அவர் திரும்பிப் பார்க்கும்வரை போதாது, வழியனுப்பியவர் உள்ளே வந்து கதவைத் தாழிட்டு, போனவரைப் பற்றி வீட்டாரிடம் சொல்லும் முதல் வார்த்தை வரையிலும் ஓட வேண்டும்.