யோபு நூலும் தெய்வநீதியும்

யோபு நூல், கிறிஸ்தவ வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் ஞான இலக்கியம் என்று வகுக்கப்பெறும் பகுதியைச் சார்ந்த, 42 அதிகாரங்கள் கொண்ட எபிரேய நூலாகும். குற்றமற்றவர் துன்புறக் கண்டும் கடவுளை நீதிபரர் என்று நம்புவது எங்ஙனம் என்னும் வினாவை, வேதாகமத்தில் வேறெந்த நூலும் இத்துணை விரிவாகவும் அஞ்சாமலும் ஆராயவில்லை. ஆதலால் தெய்வநீதி பற்றிய கிறிஸ்தவச் சிந்தனையின் வரலாற்றில் பெரும்பகுதி, இந்நூலுக்கு எழுந்த உரைகளின் வரலாறாகவே அமைந்துள்ளது.

நூலின் அமைப்பு. தொடக்கமும் முடிவும் உரைநடையாகவும் இடைப்பகுதி பெரும்பாலும் செய்யுளாகவும் உள்ளன. ஊத்ஸ் தேசத்தில் 7 குமாரரும் 3 குமாரத்திகளும், 7,000 ஆடுகளும் 3,000 ஒட்டகங்களும் உடையவராய்ச் சிறப்புற்று வாழ்ந்த யோபு, சாத்தானின் சோதனையால் மக்களையும் ஆஸ்தியையும் ஒரே நாளில் இழந்து, பின்னர் உடலெங்கும் கொடிய பருக்கள் தோன்றச் சாம்பலில் அமர்ந்தார். தேற்ற வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகிய மூவரும் 7 நாள் வாய்திறவாது உடனிருந்து, பின்னர், துன்பம் பாவத்தின் விளைவேயாதலால் அவர் மறைவில் பிழை செய்திருத்தல் வேண்டும் என்று மாறி மாறி வாதித்தனர். யோபு அதற்கு இணங்கவில்லை. தம் நேர்மையை விடாது பற்றிக்கொண்டு, நண்பரின் கொள்கையைத் தள்ளிக் கடவுளையே நோக்கி முறையிட்டார். 19ஆம் அதிகாரத்தில், தமக்காக எழும் மீட்பர் ஒருவர் உண்டு என்ற உறுதியையும் வெளியிட்டார். திருச்சபை இவ்வசனங்களில் கிறிஸ்துவையும் உயிர்த்தெழுதலையும் கண்டது.

எலிகூ என்னும் இளைஞரின் உரை (32–37) துன்பத்தைத் தண்டனையாக மட்டுமன்றித் திருத்தும் சிட்சையாகவும் காட்டுகிறது. இதனைப் பிற்சேர்க்கை என்பாரும் உளர். எனினும், தெய்வக்குரலுக்கு முன்னுரையாய் நிற்கும் இப்பகுதி நூலின் போக்கோடு இயைந்ததே. 38ஆம் அதிகாரம் முதல் கடவுள் பெருங்காற்றிலிருந்து பேசுகிறார். பூமியின் அஸ்திபாரம், மழை, வரையாடு, தீக்குருவி, பிகெமோத், லிவியாதான் எனப் படைப்பனைத்தையும் யோபுவின் கண்முன் நிறுத்தும் அவர், துன்பத்தின் காரணத்தை மட்டும் கடைசிவரை கூறுவதில்லை. ஆயினும் முடிவில் அவர் சினங்கொள்வது தம்மை நோக்கி வழக்காடிய யோபுவின்மேலன்று, தம் சார்பில் வாதாடிய நண்பர்கள்மேலேயே என்பது இந்நூலின் தலைசிறந்த கருத்தாகும். இறைநீதியில் நம்பிக்கை வைப்பவர் துன்புறுவோர்மேல் குற்றம் சுமத்தத் தேவையில்லை, தம் முறையீட்டை அடக்கவும் தேவையில்லை என்பது இதனால் பெறப்படும்.

காலமும் பாடமும். நூல் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்கும் 4ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் இயற்றப்பட்டது என்பது அறிஞர் பெரும்பாலோர் துணிபு. நோவா, தானியேல் என்பவர்களோடு யோபுவையும் நீதிமானாக எசேக்கியேல் நூல் குறிப்பிடுவதால், அவர் கதை முன்னரே வழங்கியதாதல் வேண்டும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு எபிரேயப் பாடத்தினும் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறுகியது. இந்நூலின் அரமாயிக் மொழிபெயர்ப்பொன்று 1956இல் கும்ரானின் 11ஆம் குகையில் கண்டெடுக்கப்பட்டது.

புதிய ஏற்பாட்டில். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேர் மற்றவரினும் பாவிகளல்லர் என்றும், பிறவிக் குருடனின் நிலைக்கு அவனோ பெற்றோரோ செய்த பாவம் காரணமன்று என்றும் இயேசு போதித்தது, நண்பர் மூவரின் கொள்கையை மீண்டும் மறுப்பதாகும். யாக்கோபின் நிருபம் யோபுவின் பொறுமையை நினைவூட்டுகிறது. குற்றமற்ற கிறிஸ்து சிலுவையில் மாண்டு உயிர்த்தெழுந்தார் என்பதே, நீதி தாமதித்தாலும் தோற்பதில்லை என்னும் கிறிஸ்தவ விசுவாசத்தின் அடிப்படையாகும்.

உரைமரபு. கி.பி. 410இல் ரோமாபுரி சூறையாடப்பட்டபின், நல்லோரும் தீயோரும் ஒருங்கே துன்புற்றது ஏன் என்ற கேள்விக்கு விடையாகவும் புனித அகுஸ்தீன் "கடவுளின் நகரம்" என்னும் நூலை எழுதினார். ஒரே இடர் இருவரையும் தாக்கினும் ஒருவரைப் புடமிட்டு மற்றவரைக் கெடுக்கும் என்பது அவர் கருத்து. பெரிய கிரகோரியார், பாப்பரசரின் தூதராகக் கான்ஸ்டாண்டிநோபிளில் தங்கியிருந்த காலத்தில் துறவியருக்கு அளித்த விளக்கங்களை 35 பகுதிகள் கொண்ட பேருரையாக்கினார். தீரா நோயால் வருந்திய அவர், வாதையுற்ற யோபுவை வாதையுற்ற தாம் விளக்கவேண்டும் என்பது தெய்வசித்தமாயிருக்கலாம் என்று கருதினார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், இம்மையிலேயே பலன் முற்றும் கிட்டும் என எண்ணியதே நண்பர்களின் பிழை எனத் தெளிவுறுத்தினார். கால்வின் 1554–55இல் ஜெனீவாவில் இந்நூலைக் குறித்து 159 பிரசங்கங்கள் நிகழ்த்தினார்.

பிற்காலம். லைப்னிட்ஸ் 1710இல் தெய்வநீதியைத் தர்க்கத்தால் நிலைநாட்ட முயன்றார். 1755 நவம்பர் 1ஆம் நாள், சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று லிஸ்பன் நகரை அழித்த நிலநடுக்கத்துக்குப்பின், வால்டேர் அத்தகைய நன்னம்பிக்கையைக் கடுமையாகத் தாக்கினார். காண்ட் 1791இல், அறிவால் கடவுளுக்காக வாதாடும் முயற்சிகள் யாவும் பயனற்றவை என்று காட்டி, யோபுவின் மெய்யுரையையே போற்றினார். 1986இல் பெரு நாட்டுக் குருவான குஸ்தாவோ குட்டியெரெஸ் இந்நூலை ஏழைகளின் துயரோடு இணைத்து ஆராய்ந்தார். ஆங்கிலிக்கன் மரபின் அடக்க ஆராதனையில் யோபுவின் வசனங்கள் இன்றும் வாசிக்கப்படுகின்றன.