மருந்தின் விலையும் மலசலகூடத்தின் விலையும்

ஒரு நோயைத் தீர்க்கப் பொதுப்பணத்தைச் செலவிடும்போது அச்செலவின் பயனை எங்கே நின்று அளப்பது? வைத்தியரின் மேசையருகிலா, நோயாளியின் வாசலிலா? இதற்கு நம் மலையக வரலாறு தரும் விடையைக் கொக்கிப்புழுவின் கதையில் காண்கிறோம்.

கினிகத்தேனையும் வட்டவளையும் இலங்கையில் மிகுதியாக மழை பொழியும் பகுதிகளைச் சேர்ந்தவை. தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் தேயிலை நிழலில் மண் உலர்வதேயில்லை. கொக்கிப்புழுவுக்கு இதனினும் உகந்த நிலம் வேண்டுமோ? மலத்தோடு மண்ணில் விழும் முட்டை சில நாட்களில் பொரிகிறது. வெளிவரும் புழு செருப்பறியாத பாதத்தைத் துளைத்துப் புகுந்து, குடலையடைந்து குருதியை உறிஞ்சுகிறது. மூச்சிரைக்க மலையேறும் தொழிலாளிக்குச் சோம்பேறி எனப் பெயர் சூட்டுவது எளிது. அவரிடம் குறைந்திருந்தது ஊக்கமன்று, இரத்தம்.

1872ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப்பகுதிகளில் மருத்துவ மாவட்டங்களை அமைத்து, செலவில் ஒரு பங்கைத் தோட்ட முதலாளிகள்மீது சுமத்திற்று. எனினும் புழுவின்மீது முறையான படையெடுப்பு 1916இல்தான் தொடங்கிற்று. அமெரிக்க ராக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் மாத்தளைத் தோட்டங்களில் ஆரம்பமான அவ்வியக்கம் முதலில் தைமோலையும், பின்னர் கீனோபோடியம் எண்ணெயையும் கையாண்டது. மருந்து வேலை செய்தது, புழுக்கள் வெளியேறின. தமிழகத்திலிருந்து வருவோருக்கு மண்டபம் முகாமிலேயே புழுமருந்து கொடுக்கும் வழக்கமும் ஏற்பட்டது.

ஆனால் மருந்துண்டு தேறியவர் மறுபடியும் அதே மண்ணில்தான் வெறுங்காலுடன் நடந்தார். மலசலகூடமற்ற லயத்தில் சிகிச்சையின் பயன் நிலைக்குமா? ராக்பெல்லர் வைத்தியர்கள் இதை அறியாதவர்களல்லர். மலசலகூடம் கட்டுமாறு வற்புறுத்தவே செய்தனர். முதலாளிமார் தயங்கினர். மருந்தின் செலவு சிறிது, பலன் அடுத்த சில பேரட்டுகளிலேயே தெரியும். கட்டடத்தின் செலவோ பெரிது, பலன் ஆண்டுகள் கழித்தே வரும். இலாபக் கணக்கு ஆண்டுதோறும் மூடப்படுவதன்றோ! மருந்தை மலிவென்று காட்டியது இந்த ஏடுதான் என நாம் கருதுகிறோம். திரும்பத் திரும்ப மருந்து கொடுக்க நேர்ந்த செலவையும், நோயால் இழந்த நாட்கூலியையும் சேர்த்தெழுதினால் எது மலிவு என்பது வேறாகத் தெரிந்திருக்கும். ஆனால் தொழிலாளி இழந்த கூலி முதலாளியின் ஏட்டில் செலவாக ஏறுவதில்லை. கொடுக்காமல் மிஞ்சிய பணமாகவே நிற்கும்.

1920களில் அந்நிறுவனமே மருந்தை மட்டும் நம்பும் போக்கினின்று விலகிற்று. 1926இல் களுத்துறையில் அமைந்த சுகாதாரப் பிரிவு, நோய்த்தடுப்பையும் தாய்சேய் நலத்தையும் ஒருங்கே மேற்கொண்டது. அத்தகைய பிரிவுகள் பிற மாவட்டங்களுக்கும் பரவின. தோட்டத்து லயங்களின் சுகாதாரமோ பல்லாண்டுகள் நிர்வாகத்தின் கையிலேயே விடப்பட்டிருந்தது.