மின்கலமற்ற உணரிச் சில்லுகள்: தொடர்புத் தொலைவு

மின்கலமோ சொந்த அலைபரப்பியோ இல்லாமல், தன்மேல் விழும் வானொலி அலையையே மாற்றித் திருப்பி அனுப்பி, வெப்பம், ஈரம் முதலிய அளவுகளைத் தெரிவிக்கும் சிறு கருவி மின்கலமற்ற உணரிச் சில்லு. இம்முறைக்குப் பின்சிதறல் என்று பெயர்.

இதன் முன்னோடி, ருஷ்ய இயற்பியலாளர் லெவ் தெர்மின் வடிவமைத்த ஒட்டுக்கேட்புக் கருவி. 1945 ஆகஸ்டில் சோவியத் சிறுவர் அணியினர், அமெரிக்க அரசு முத்திரை செதுக்கிய மரப்பலகை ஒன்றை மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் ஆவரெல் ஹாரிமனுக்குப் பரிசளித்தனர். அது தூதரின் இல்லத்திலேயே மாட்டப்பட்டது. உள்ளே ஒரு சிறு செப்புக் குழி, அதன் வாயில் மெல்லிய உலோகச் சவ்வு, சுமார் 23 செ.மீ. நீள ஆன்டெனாக் கம்பி; அவ்வளவுதான். பேச்சொலியில் சவ்வு அதிர, வெளியிலிருந்து பாய்ச்சிய அலை அந்த அதிர்வைச் சுமந்து திரும்பியது. அலை பாய்ச்சாதபோது கருவி ஊமை. ஆகவே சோதனைகளுக்குச் சிக்காமல் ஏழாண்டு தப்பியது. 1952-இல் பிடிபட்டது, 1960-இல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் காட்டப்பட்டது. ஹாரி ஸ்டாக்மன் 1948-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்துறைக்கு அடித்தளம் என்றாலும், செய்து காட்டிய பெருமை தெர்மினுக்கே உரியது.

பின்சிதறலில் தொடர்புத் தொலைவுக்குத் தடை இரண்டு. தொலைவு இரட்டித்தால் சில்லை வந்தடையும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகும். அது சிதறி அதே இடத்துக்குத் திரும்பும்போது பதினாறில் ஒரு பங்கே மிஞ்சும். வழக்கமான சில்லுகள் ஏறத்தாழ 10 மீட்டரோடு நின்றுவிடுவது இதனால்தான். மேலும், சில்லைப் படிக்கும் கருவியான ரீடர் தான் வீசும் அலையின் இரைச்சலிலேயே மெல்லிய மறுமொழியைத் தவறவிடும். அலைமூலத்தையும் ஏற்பியையும் தனித்தனியே வைப்பதும், மறுமொழியை வேறு அலைவரிசைக்கு நகர்த்துவதும் இதற்கு நல்ல தீர்வுகள்.

வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2013-இல் தொலைக்காட்சி அலையைக் கொண்டு செய்த சோதனையில் சில்லுகள் ஒரு மீட்டருக்கும் குறைந்த தொலைவில் பேசிக்கொண்டன. அங்கேயே 2017-இல், இரைச்சலுக்குள் அமிழ்ந்த குறிகையையும் மீட்கும் லோரா முறை 2.8 கி.மீ. எட்டியது. இந்த எண்ணைத் தனியே எடுத்துக்கொள்ளக் கூடாது: சில்லு அலைமூலத்தின் அருகிலேயே இருந்தபோது கிடைத்தது அது. மூலத்துக்கும் ஏற்பிக்கும் நடுவில் எங்கு வைத்தாலும் இயங்கியபோது, அவ்விரண்டின் இடைவெளி 475 மீட்டர். அத்தொலைவில் வானொலி அலை சில்லுக்கு உணவாகாது. சிறு சூரியத்தகடு போன்ற வேறு ஆற்றல் வேண்டும். தொலைவைக் கூறும் எவரும் சில்லு நின்ற இடத்தையும் சேர்த்தே கூற வேண்டும்.

இந்தியாவில் சுங்கச்சாவடிக் கட்டணத்துக்கான ஃபாஸ்டேக் இதே பின்சிதறல் முறையில்தான் இயங்குகிறது. 5ஜி தரநிலைகளிலும் மின்கலமற்ற சில்லுகள் இடம்பெறத் தொடங்கியுள்ளன.