தோற்ற டீமுக்கு ஒரு கதவு

1974 மார்ச். அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரம். அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸின் கல்லூரி பாஸ்கெட்பால் ஃபைனல். மேரிலாண்ட் ஓவர்டைம் வரை போராடி, நார்த் கரோலினா ஸ்டேட்டிடம் 100–103 என்று தோற்றது.

மேரிலாண்ட் நாட்டிலேயே நாலாவது ரேங்க்ல இருந்த டீம். ஆனா தேசியத் தொடருக்குள்ள நுழையவே முடியல. ஏன்னா அப்போ ஒரு கான்ஃபரன்ஸுக்கு ஒரே இடம்தான், அதுவும் சாம்பியனுக்கு. அவங்கள ஜெயிச்ச டீம் அந்த வருஷம் தேசியக் கோப்பையையே தூக்கிடுச்சு!

1975-ல் தொடர் 32 அணிகளாக விரிந்தது. சாம்பியன் ஆகாத டீமையும் கமிட்டி கூப்பிடலாம்னு விதி மாறுச்சு. இதுதான் 'அட்-லார்ஜ்' அழைப்பு.

சரி, நியாயம் கிடைச்சிடுச்சா? 2006-ல் ஜார்ஜ் மேசன்னு ஒரு சின்ன கான்ஃபரன்ஸ் டீமைக் கமிட்டி கூப்பிட்டப்போ, தகுதி இல்லைன்னு விமர்சனம் எழுந்தது. அந்த டீம் மிச்சிகன் ஸ்டேட், நார்த் கரோலினா, கனெக்டிகட்னு பெரிய தலைகளைச் சாய்த்து கடைசி நாலுக்குள் போனது.

யாரை ஜெயிச்சீங்கன்னு கமிட்டி பார்க்குது. ஆனா பெரிய டீம்கள் சின்னக் கல்லூரியோட மைதானத்துக்கு வந்து ஆடுறதே அபூர்வம். மேரிலாண்ட் மாதிரி டீம்களுக்காகத் திறந்த கதவு, இன்னிக்கும் அவங்களுக்குத்தான் சுலபமா திறக்குது.