ஹார்வர்டு மாணவரும் ஜவ்வாது மலையும்

ஜமுனாமரத்தூருக்கு அண்மையில், அதே ஜவ்வாது மலைத்தொடரின் காவலூரில் நிற்கும் வானாராய்ச்சி நிலையத்தின் சரித்திரம், ஹைதராபாத் அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்று ஹார்வர்டு சர்வகலாசாலைக்குச் சென்ற ஒரு மாணவரின் பரதேச வாசத்தோடு பிணைந்தது. புதிய நகரமும் பழகாத குளிரும் எவர் மனத்தையும் சஞ்சலப்படுத்தக்கூடிய தொடக்க மாதங்களிலேயே, 1949-இல், புகைப்படத் தகடொன்றில் அதுவரை ஒருவரும் அறியாத தூமகேதுவைக் கண்டு, ஆசிரியர் பார்ட் போக், சக மாணவர் நியூகர்க் ஆகியோருடன் அதற்குத் தம் பெயரும் வழங்கும் பாக்கியம் பெற்றார் வைணு பாப்பு. அந்நிய நகரில் காலூன்ற உணவும் உறைவிடமும் மட்டும் போதா, மனம் லயிக்கும் வேலையும் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த திருஷ்டாந்தம் நான் அறியேன்.

1952-இல் டாக்டர் பட்டம் பெற்று, பாலோமர் வானாராய்ச்சி நிலையத்திலும் ஆராய்ச்சி செய்து தாயகம் திரும்பிய அவர், 1960-இல் கோடைக்கானல் நிலையத்தின் பொறுப்பேற்றபின், இரவு வானை ஆராய்வதற்கு உகந்த இடத்தைத் தேடி இம்மலையைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியும், 1972-இல் 102 சென்டிமீட்டர் தொலைநோக்கியும் இங்கே பணி தொடங்கின. அவர் கனவு கண்ட 234 சென்டிமீட்டர் தொலைநோக்கி, அவர் மறைந்து மூன்றாண்டுக்கும் மேல் கழித்து, 1986-இல் அவர் பெயராலேயே பிரதிஷ்டையாயிற்று.