இரண்டு முகாம்கள்

அகதிகள் தங்கும் இடத்துக்கும் 'முகாம்' என்கிறோம், பிள்ளைகள் கோடை விடுமுறைக்குப் போகும் இடத்துக்கும் 'முகாம்' என்கிறோம். எஸ்தோனியர்களின் கதையில் இந்த இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன.

எஸ்தோனியா பால்டிக் கடலோரத்தில் உள்ள குட்டி நாடு. 1940-ல் சோவியத் யூனியன் அதை விழுங்கியது. நீலம், கறுப்பு, வெள்ளை தேசியக் கொடியும் சாரணர் இயக்கமும் தடை செய்யப்பட்டன. அடுத்த வருடம் ஜெர்மானியர்கள் வந்தார்கள். 1944-ல் செஞ்சேனை திரும்பி வந்தபோது சுமார் 70,000 பேர் ஸ்வீடனுக்கும் ஜெர்மனிக்கும் தப்பி ஓடினார்கள். ஜெர்மனியின் அகதி முகாம்களிலேயே எஸ்தோனியப் பள்ளிகளும் சாரணர் குழுக்களும் மறுபடி முளைத்துவிட்டன!

பிறகு பலர் கனடா போனார்கள். 1953-ல் ஒன்டாரியோ மாகாணத்தில் யோயெகாரு ('ஆற்று வளைவு') என்ற சிறுவர் கோடை முகாம் தொடங்கியது. மஸ்கோகா பகுதியில் சாரணர்கள் தங்கள் முகாமுக்குக் கோட்கயார்வே, அதாவது 'கழுகு ஏரி', என்று பெயர் வைத்தார்கள். தாய்நாட்டில் ஏற்றினால் சிறைக்குப் போக வேண்டிய கொடியை இங்கே பிள்ளைகள் தைரியமாக ஏற்றினார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வீட்டில் தாய்மொழி என்றால் பெரும்பாலும் "சாப்பிடு, படி" என்ற அதட்டல்தான். முகாமில் அது விளையாட்டுக்கும் கேலிக்கும் நட்புக்கும் உரிய மொழி ஆகிவிடுகிறது. வகுப்பில் உட்கார வைத்து இதைச் சொல்லித்தர முடியாது.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். 1967-ல் கோட்கயார்வேயில் 'காட்டுப் பல்கலைக்கழகம்' (மெட்சாயூலிகூல்) தொடங்கியது. ஒரு வாரம் காட்டுக்குள் சொற்பொழிவு, பாட்டு, விவாதம். சோவியத் எஸ்தோனியாவுக்குப் போய் வரலாமா என்பது அந்நாளில் புலம்பெயர்ந்தவர்களைப் பிளந்த கேள்வி. போனால் ஆக்கிரமிப்பை ஒப்புக்கொண்டதாகும் என்றார்கள் பெரியவர்கள் பலர். போகாவிட்டால் அங்குள்ள மக்களை எப்படித் தெரிந்துகொள்வது என்றார்கள் இளைஞர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

1989 பிப்ரவரி 24 அன்று தலைநகர் தாலினின் கோபுரத்தில் அந்தக் கொடி மறுபடி ஏறியது. 1991-ல் விடுதலை திரும்பியது. ஸ்டாக்ஹோமில் அகதிக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த டூமாஸ் ஹெண்ட்ரிக் இல்வெஸ் 2006-ல் ஜனாதிபதியானார்.

நாடு கிடைத்துவிட்டதே, இனி முகாம் எதற்கு என்று கேட்கலாம். நாடு கிடைத்தது உண்மைதான். ஆனால் டொராண்டோவில் பிறக்கும் பேரப்பிள்ளைக்கு மொழி தானாகக் கிடைக்காதே. முகாம்கள் இன்னமும் நடக்கின்றன.