கண்ணாடிக் கலத்திலிருந்து மூலக்கூற்றுக் கொத்துக்கு: எதிரயனிப் பலபடியாக்கல் ஆய்வின் வளர்ச்சி

முன்னுரை

எதிர்மின் சுமை தாங்கிய ஒரு சங்கிலி முனை அடுத்த மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது. சுமை புதிய முனைக்கு நகர்கிறது. சங்கிலி ஒரு கண்ணி நீள்கிறது. இதுவே எதிரயனிப் பலபடியாக்கல். கரைசலில் இது கணப்பொழுதில் எண்ணற்ற முறை நிகழ்வதால், முதல் இரண்டு மூன்று படிகளைத் தனியே பிரித்துப் பார்ப்பது அரிது. அந்தப் படிகளை எண்ணும் வாய்ப்பைத் தந்தவை வாயு நிலைக் கொத்து ஆய்வுகள். வினையைத் தொடங்கிவைக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் அதன் போக்கைத் தீர்மானிக்கிறது என்பதை இந்த வரலாறு காட்டுவதாக இக்கட்டுரை வாதிடுகிறது.

கரைசல் காலம்

1930களில் ஜெர்மனியில் பியூட்டாடையீனைச் சோடியத்தைக் கொண்டு இணைத்து ‘பூனா’ ரப்பர் செய்தார்கள். கார உலோகங்கள் இவ்வினையைத் தூண்டும் விதத்தைக் கார்ல் சீக்லர் ஆராய்ந்தார். ஆனாலும் வினையின் உள்ளியக்கம் தெளிவாகவில்லை.

திருப்பம் 1956இல் வந்தது. அமெரிக்காவின் சிராகியூஸ் நகரில் மைக்கேல் சுவார்க், காற்றும் ஈரமும் நீக்கப்பட்ட கண்ணாடிக் கலத்தில் சோடியம் நாப்தலீனின் பச்சைக் கரைசலோடு ஸ்டைரீனைச் சேர்த்தார். கரைசல் உடனே சிவந்தது. ஸ்டைரீன் முழுவதும் தீர்ந்த பிறகும் சிவப்பு மங்கவில்லை. மேலும் ஸ்டைரீனைச் சேர்த்தபோது பாகுத்தன்மை மிகுந்தது. ஓய்ந்திருந்த சங்கிலிகள் மறுபடி நீளத் தொடங்கியிருந்தன. முடிவின்றி வளரக் காத்திருக்கும் இச்சங்கிலிகளுக்கு அவர் ‘வாழும் பலபடி’ என்று பெயரிட்டார்.

நாப்தலீன் எதிரயனி தன் எலக்ட்ரானை ஸ்டைரீனுக்குக் கொடுக்கிறது. அவ்வாறு எலக்ட்ரான் பெற்ற இரு ஸ்டைரீன்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. இருபுறமும் எதிர்மின் முனையுள்ள தொடக்கம் கிடைக்கிறது. எலக்ட்ரான் பெற்ற இன்னொரு மூலக்கூறு அருகில் இருப்பதால்தான் இந்த இணைவு நடக்கிறது என்பதை இங்கே கருத்தில் கொள்ள வேண்டும்.

கொத்துக்குள் வினை

வாயுவை உயர் அழுத்தத்திலிருந்து நுண்துளை வழியே வெற்றிடத்துக்குள் பாயவிட்டால் அது விரிந்து கடுமையாகக் குளிர்கிறது. மூலக்கூறுகள் சிறு சிறு கொத்துகளாக ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு கொத்தும் கரைப்பானோ கலச் சுவரோ இல்லாத தனி உலகம். அதற்குள் நடப்பதை நிறை நிறமாலைமானி மூலக்கூறு எண்ணிக்கைவாரியாகப் பிரித்துக் காட்டும்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கொண்டோ தமோட்சுவும் சுகுதா தட்சுயாவும் 1990களின் தொடக்கத்தில் அக்ரைலோநைட்ரைல் கொத்துகளை இவ்வாறு ஆராய்ந்தார்கள். உயர் ஆற்றல் மட்டத்துக்கு ஏற்றப்பட்ட கிரிப்டான் அணுவில் வெளி எலக்ட்ரான் மிகத் தளர்வாகப் பிணைந்திருக்கும். கொத்தோடு மோதும்போது அந்த எலக்ட்ரான் அதிக ஆற்றலைச் சுமக்காமல் கொத்துக்குள் இறங்கிவிடுகிறது. தனி அக்ரைலோநைட்ரைல் மூலக்கூறால் கூடுதல் எலக்ட்ரானை உறுதியாகப் பிடித்துவைக்க இயலாது. கொத்தாக இருக்கும்போது அது இயலும்.

மூன்றில் மூடும் வளையம்

அக்ரைலோநைட்ரைலின் மூலக்கூறு நிறை 53. மூன்று சேர்ந்த எதிரயனி நிறமாலையில் 159இல் தோன்றும். மூன்று மூலக்கூறுகள் சும்மா ஒட்டியிருந்தாலும் சகப்பிணைப்பால் ஒன்றாகியிருந்தாலும் நிறை ஒன்றே என்பதால், நிறையை மட்டும் வைத்து வினை நடந்ததா என்று சொல்லிவிட முடியாது. அயனிக்கு ஆற்றலூட்டிச் சிதைத்துப் பார்ப்பதே வழி. தளர்ந்த கொத்திலிருந்து மூலக்கூறுகள் சிறிய ஆற்றலிலேயே ஒவ்வொன்றாக ஆவியாகும். பிணைப்புண்ட சேர்மம் எளிதில் உடையாது. மூன்று இரட்டைப் பிணைப்புகளும் திறந்து, ஆறு கார்பன்கள் கொண்ட சைக்ளோஹெக்சேன் வளையமாக மூடிக்கொள்கின்றன என்று கொண்டோவும் சுகுதாவும் விளக்கினார்கள்.

1990களின் இறுதியில் தோகோக்கு பல்கலைக்கழகத்தில் மிசைசு, ஓனோ ஆகியோரின் குழு வேறு வழியில் சென்றது. கொத்துக்குள் ஒரு கார உலோக அணுவை வைத்து, எலக்ட்ரான் கொடுக்கும் வேலையை அதனிடமே விட்டது. பொட்டாசியம் இருந்த கொத்துகளில் மூன்றின் மடங்குகள் நிறமாலையில் ஓங்கி நின்றன. வளையம் மூடும் வினை இங்கும் நடப்பதாக அக்குழு முடிவுசெய்தது.

முடிவுரை

தோகோக்குச் சோதனையில் பொட்டாசியம் நேரயனியாகக் கூடவே இருந்தது. டோக்கியோச் சோதனையில் நேரயனியே இல்லை. இரண்டிலும் மூன்றே தலைதூக்கியது. எனவே நேரயனி இல்லாமையை வளையத்துக்குக் காரணமாகச் சொல்ல முடியாது. இரு சோதனைகளுக்கும் பொதுவானது, கொத்துக்கு ஒரேயொரு எலக்ட்ரான் என்பதே. சுவார்க்கின் கலத்தில் இணையக் காத்திருந்த இரண்டாவது எதிரயனி இங்கில்லை. அதனால் ஒரு முனையில் தனி எலக்ட்ரானும் மறுமுனையில் எதிர்மின் சுமையுமாக வளரும் குறுஞ்சங்கிலி, ஆறு கார்பன் எட்டியதும் தன் முனைகளையே இணைத்துக்கொள்ள இடம் கிடைக்கிறது.

வேதிப்பொருள் வேறு, வெப்பநிலை வேறு என்பதால் ஸ்டைரீன் கரைசலையும் அக்ரைலோநைட்ரைல் கொத்தையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதில் எச்சரிக்கை தேவை. ஆயினும், ஒரே கொத்துக்குள் இரண்டு எலக்ட்ரான்களைச் செலுத்தி, அப்போதும் மூன்றின் மடங்குகளே ஓங்குகின்றனவா என்று பார்க்கும் சோதனை இவ்வாதத்தை நேரடியாக உரைத்துப் பார்க்கும்.